எரிந்த காட்டில் மரம் வெட்டலாமா? கொழும்பிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊவாவில் புல் காயத் தொடங்கும் ஜூலை, ஓகஸ்ட் மாதங்களில் எல்ல, ஹப்புத்தளை, ஹல்துமுல்ல பக்கத்து மலைகள் எரியும் படங்கள் கொழும்பில் நம் கைபேசிகளுக்கு வந்துவிடுகின்றன. வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் இருக்கும் பலருக்கு அந்த மலைகள்தான் சொந்த ஊர், இல்லாவிட்டால் உறவுக்காரர் வாழும் ஊர். படத்தைப் பார்த்ததும் எழும் கேள்விகளும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். எல்லாம் போய்விட்டதா? கருகிய மரத்தை வெட்டி விற்றால் என்ன? நாங்கள் வந்து கன்று நடட்டுமா? கீழே அவற்றுக்கான பதில்கள். சில உதாரணங்கள் அமெரிக்காவின் ஒரிகன், அவுஸ்திரேலியா, போர்னியோ என்று வெளியிலிருந்து வரும். எரிந்த காட்டில் மரம் வெட்டினால் செடிகொடிகளுக்கு என்ன நடக்கிறது என்று அளந்து பார்த்தவர்கள் அங்கேதான் அதிகம்.

மலை முழுக்கக் கருப்பாகக் கிடக்கிறது. காடு செத்துவிட்டதா?

எது எரிந்தது என்று தெரிந்தால்தான் பதில் சொல்லலாம். பத்தனை எனும் மலைப் புல்வெளி எரிந்திருந்தால் முதல் மழையோடு பச்சை திரும்பும். வேரும் கிழங்கும் மண்ணுக்குள் பத்திரமாக இருக்கும். உலர்வலயக் காடு எரிந்திருந்தால் மேலே கருகியிருந்தாலும் பல மரங்கள் அடிக்கட்டையிலிருந்து துளிர்க்கும். ஈரவலய மழைக்காடு எரிந்திருந்தால் இழப்பு பெரியது, அதைப் பற்றித் தனியே சொல்கிறேன்.

இன்னொன்று: தீ எங்கும் ஒரே சீராக எரிவதில்லை. ஓடைக் கரை, பாறை மறைவு, காற்றுப் படாத பள்ளம் இவை தப்பிவிடும். அப்படித் தப்பிய துண்டுகளிலிருந்துதான் பிறகு விதையும் பறவையும் சுற்றுவட்டாரத்துக்குப் போகின்றன. தூரத்திலிருந்து எடுத்த படத்தில் இந்தத் துண்டுகள் தெரியாது.

இலங்கையில் காட்டுத்தீ இயற்கையாக வருவதா?

ஏறக்குறைய எல்லாமே மனிதர் வைப்பதுதான். மாட்டுக்கு இளம்புல் வரட்டும் என்று வைப்பது, வேட்டைக்காரர் வைப்பது, சேனைப் பயிர்ச்செய்கைக்குத் துப்புரவாக்கிய இடத்திலிருந்து பரவுவது, முகாமிட்டவர்கள் அணைக்காமல் விட்டுப்போவது. மின்னலால் காடு பற்றுவது இங்கே அபூர்வம், நம் இடி மின்னல் பெரும்பாலும் மழையோடு சேர்ந்தே வரும்.

இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வட அமெரிக்காவிலும் அவுஸ்திரேலியாவிலும் பல செடிகள் இலட்சக்கணக்கான ஆண்டுகள் தீயோடு வாழ்ந்து, அதைத் தாங்கும் உறுப்புகளைப் பெற்றவை. நம் ஈரக்காட்டு மரங்களுக்கு அந்த வரலாறு இல்லை. இணையத்தில் ‘தீ காட்டுக்கு நல்லது’ என்று வாசித்துவிட்டு அதை அப்படியே சிங்கராஜாவுக்குப் பொருத்திப் பேசுவதைக் கேட்கும்போது எனக்கு உண்மையிலேயே பயமாக இருக்கிறது.

செடிகள் தீயை எப்படித் தாங்குகின்றன?

மரத்தின் உயிர் பட்டைக்கு உட்புறம் ஒட்டியிருக்கும் ஒரு மெல்லிய படையில் இருக்கிறது. பாடப்புத்தகத்தில் மாறிழையம் என்று படித்திருப்பீர்கள். அந்தப் படை ஏறத்தாழ 60 பாகை செல்சியசுக்குச் சூடானால் இறந்துவிடும். ஆகவே முதல் காவல் பட்டைதான். பட்டை இரண்டு மடங்கு தடித்திருந்தால் வெப்பம் உள்ளே போய்ச் சேர நான்கு மடங்கு நேரம் எடுக்கும். அதனால்தான் ஒரே தீயில் தடித்த பட்டையுள்ள மரம் நிற்கிறது, பக்கத்தில் மெல்லிய பட்டையுள்ள மரம் அடியோடு காய்கிறது.

இரண்டாவது காவல் மண். வெப்பம் மேல்நோக்கிப் போகும், மண்ணும் வெப்பத்தை இலேசில் கடத்தாது. புல் எரியும்போது சில சென்ரிமீற்றர் ஆழத்திலேயே சூடு வெகுவாகக் குறைந்துவிடும். இலுக் புல்லும் மானாப் புல்லும் எரிந்த கையோடு மறுபடி கிளம்புவது இதனால்தான். ஆனால் பெரிய மரக்கட்டை ஒன்று விழுந்து மணிக்கணக்காகக் கனன்றால், அதற்குக் கீழே உள்ள விதை, வேர், பூஞ்சை எல்லாம் வெந்துவிடும். அந்த இடம் பல காலம் வெறுமையாகத் தெரியும்.

மூன்றாவது, உறங்கும் மொட்டுகள். யூக்கலிப்டஸ் இனங்கள் பலவற்றில் தண்டுப் பட்டைக்கு அடியில் மொட்டுகள் ஒளிந்திருக்கும். இலைமுடி கருகியதும் தண்டு நெடுக இளந்துளிர் வெடித்துவரும். சில இனங்களில் வேரும் தண்டும் சேருமிடத்தில் கட்டையான ஒரு வீக்கம் இருக்கும், மொட்டும் உணவும் அதற்குள் சேமிப்பில் இருக்கும். மலையகத்தில் டர்பன்டைன் மரம் என்று சொல்கிறோமே, அந்த இனங்களை வெட்டினாலும் எரித்தாலும் திரும்பத் திரும்பத் துளிர்ப்பதைத் தோட்டங்களில் வளர்ந்தவர்கள் கண்டிருப்பார்கள்.

நான்காவது, விதை. சில மரங்கள் தாம் செத்தாலும் விதையைக் காப்பாற்றிவிடும். வட அமெரிக்காவின் லொஜ்போல் பைன் மரங்கள் பலவற்றில் கூம்புகள் பிசினால் மூடியபடி ஆண்டுக்கணக்கில் கிளையில் இருக்கும். தீயின் சூட்டில் பிசின் உருகி, கூம்பு விரிந்து, சாம்பல் மேல் விதை கொட்டும். 1988 இல் யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவின் 36 வீதமான பரப்புத் தீயால் பாதிக்கப்பட்டது. பூங்காவுக்குள் எரிந்த மரத்தை வெட்டவும் இல்லை, கன்று நடவும் இல்லை. சில ஆண்டுகளிலேயே இளம் பைன்கள் நெருக்கமாக எழும்பிவிட்டன.

பனைமரம் கருகியும் பிழைக்கிறதே, எப்படி?

யாழ்ப்பாணம், வன்னிப் பக்கத்து ஆட்கள் கேட்கும் கேள்வி. நான் மேலே சொன்ன வளையம் போன்ற மாறிழையப் படை பனையில் இல்லை. நீரையும் உணவையும் கடத்தும் குழாய்க் கட்டுகள் தண்டு முழுவதும் சிதறிக் கிடக்கும். வெளிப்புறம் கருகினாலும் உள்ளே உள்ளவை வேலை செய்யும். வளரும் குருத்து உச்சியில், மட்டைகளின் அடிப்பாகம் சுற்றிப் பொதிந்த நிலையில், புல் தீ எட்டாத உயரத்தில் இருக்கிறது. குருத்துக்குத் தீ ஏறினால் பனையும் போய்விடும். வடலிக்கு அந்த உயரம் இல்லை, அதனால் வடலிக் கூட்டத்தில் தீ வந்தால் சேதம் கூட.

தீ வந்தால்தான் முளைக்கும் விதைகள் உண்டு என்கிறார்கள். அப்படியானால் தீ நல்லதுதானே?

உண்டு. அவரைக் குடும்பத்துச் செடிகள் பலவற்றின் விதையுறை தண்ணீர் புகாத அளவு கடினமானது. சூடுபட்டு வெடிப்பு விழுந்த பிறகே முளைக்கும். புகையிலுள்ள இரசாயனம் பட்டதும் முளைக்கும் விதைகளும் உண்டு. அந்தப் பொருட்களில் முக்கியமான ஒன்றை 2004 இல் மேற்கு அவுஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்தெடுத்துக் காட்டினார்கள்.

ஆனால் நம் மண்ணில் யாருடைய விதை காத்திருக்கிறது என்று பார்க்க வேண்டும். ஹோர்ட்டன் சமவெளியிலும் அம்பேவெலப் பக்கத்திலும் மஞ்சள் பூப்பூக்கும் ஒரு முட்புதர் பரவியிருக்கிறது, கோர்ஸ் என்று பெயர். வெள்ளைக்காரர் காலத்தில் வந்தது. அதுவும் அவரைக் குடும்பம். அதன் விதை மண்ணில் பல்லாண்டு உறங்கும், தீ பட்டால் கூட்டமாக முளைக்கும். உலர்வலயத்தில் கினிப்புல்லும் உண்ணிச்செடியும் இதே போலத் திறந்த இடத்தை முந்திக்கொண்டு பிடிக்கின்றன. கினிப்புல் ஆளுயரம் வளர்ந்து காய்ந்து அடுத்த தீக்கு விறகாகவும் ஆகிறது. அந்நியச் செடிகளுக்கு வாய்த்த தீயை நம் காட்டுக்கு நல்லது என்று எப்படிச் சொல்வது?

அடிக்கடி எரிவதும் கெடுதி. தீக்குப் பழகிய லொஜ்போல் பைன்கூட, யெல்லோஸ்டோன் பகுதியில் 1988 இல் எரிந்து வளர்ந்த சில இடங்கள் 2016 இல் மறுபடி எரிந்தபோது, முன்போல முளைக்கவில்லை. விதை சேர அவகாசம் கிடைக்கவில்லை.

பத்தனையும் ஊவாவின் மரப்புல்வெளியும் தீயைத் தாங்குமா?

பெருமளவு தாங்கும். பிபிலை, நில்கல பக்கம் போனால் புல்லுக்கு நடுவே இடைவெளி விட்டு நிற்கும் நெல்லி, கடுக்காய், தான்றி, வேங்கை, சிங்களத்தில் கஹட்ட எனப்படும் மரம் இவற்றைப் பார்க்கலாம். பட்டை தடித்து வெடித்து, அடிப்பக்கம் கருமை படிந்து நிற்கும். ஹோர்ட்டன் சமவெளியின் ஈரப் பத்தனையில் முறுக்கிக்கொண்டு நிற்கும் சிவப்புப்பூ ரோடோடென்ட்ரனும் தீயைத் தாங்கக்கூடியதே.

தாங்கும் என்பதற்காக ஆண்டுதோறும் கொளுத்தலாம் என்று ஆகாது. பெரிய மரம் நிற்கும், கன்றுகள் செத்துக்கொண்டே இருக்கும். கிழட்டு மரங்கள் மட்டும் நிற்கும் புல்வெளிக்கு ஒரு தலைமுறைக்குப் பிறகு மரமே இருக்காது. காட்டு விளிம்பும் ஒவ்வொரு தீயிலும் சற்றுப் பின்வாங்கும், அந்த இடத்தைப் புல் எடுத்துக்கொள்ளும்.

சிங்கராஜா போன்ற ஈரக்காட்டில் தீ புகுந்தால்?

இங்கேதான் கவனமாக இருக்க வேண்டும். ஈரவலயத்தின் பெருமரங்கள் பலவற்றின் விதை உறங்குவதே இல்லை. சிங்களத்தில் ஹோர, தூண் என்று சொல்லும் மரங்கள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை கூட்டமாகப் பூத்து விதை உதிர்க்கும். விழுந்த விதை சில நாட்களிலோ வாரங்களிலோ முளைக்க வேண்டும், இல்லாவிட்டால் உலர்ந்து செத்துவிடும். அதனால் அந்தக் காட்டின் எதிர்காலம் மண்ணுக்குள் விதையாக இல்லை. காட்டின் நிழலில், முழங்கால் உயரத்தில், வெளிச்சத்துக்காகப் பல ஆண்டுகள் காத்திருக்கும் கன்றுகளாக இருக்கிறது. முழங்கால் உயரத்தில் மெதுவாக நகரும் ஒரு சின்னத் தீ போதும், அந்தக் கன்றுகள் அத்தனையும் போய்விடும். பெரிய மரங்கள் உடனே விழாது. மெல்லிய பட்டைக்குள் அடிபட்டு, ஓரிரு ஆண்டுகளில் ஒவ்வொன்றாகக் காயும்.

பிறகு வருவது கெகில்ல எனும் பன்னம். சிங்கராஜாவின் ஓரத்தில் சேனைக்காக வெட்டி எரித்துக் கைவிட்ட நிலங்களில் இதைப் பார்க்கலாம். இடுப்பளவு, சில இடங்களில் ஆளுயரம், பின்னிப் பிணைந்து கிடக்கும். மர விதை விழுந்தாலும் மண்ணைத் தொடாது, தொட்டாலும் வெளிச்சம் கிடைக்காது. காய்ந்த தண்டுகள் அடியில் குவிந்து மறுபடி எரிவதற்குத் தயாராக இருக்கும். அப்படியான இடம் தானாகக் காடாக மாற மிக நீண்ட காலம் எடுக்கும்.

அமேசனிலும் போர்னியோவிலும் கதை இதேதான். முதல் தீ காட்டைத் திறந்துவிடுகிறது, வெயிலும் காற்றும் உள்ளே புகுந்து உலர்த்துகின்றன, இரண்டாவது தீ முதலாவதைவிடக் கொடூரமாக வருகிறது.

எரிந்து நிற்கும் மரம் எப்படியும் வீண்தானே? வெட்டி எடுத்தால் என்ன?

அதிகம் கேட்கப்படுவது இதுதான். மொறட்டுவையில் பலகை விலை விசாரித்தவர்கள் இப்படிக் கேட்பதில் எனக்கு ஆச்சரியம் இல்லை. மரம் நின்றபடியே கெடும். பூஞ்சை நீலம் பாய்ச்சும், வண்டு துளைக்கும், ஓரிரு ஆண்டுகளில் விலை சரியும். ஆகவே வெட்டுபவர்கள் அவசரப்படுவார்கள். அந்த அவசரம்தான் பிரச்சினை. செடிகள் மீளத் தொடங்கும் அதே மாதங்களில்தான் பெக்கோவும் லொறியும் உள்ளே போகின்றன.

2002 இல் ஒரிகனில் பிஸ்கட் தீ என்று அழைக்கப்படும் பெருந்தீயில் சுமார் 2 இலட்சம் ஹெக்டேயர் எரிந்தது. ஒரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் அப்போது மாணவராக இருந்த டேனியல் டொனாட்டோவும் கூட்டாளிகளும் வெட்டிய இடத்தையும் வெட்டாத இடத்தையும் அளந்து 2006 இல் வெளியிட்டார்கள். வெட்டாத இடத்தில் ஹெக்டேயருக்கு 767 ஊசியிலை மரக்கன்றுகள் தானாகவே முளைத்திருந்தன. வெட்டிய இடத்தில் 224. அதாவது 71 வீதம் குறைவு. தீ கொல்லாததை இழுத்துச் சென்ற மரக்கட்டைகளும் குழம்பிய மண்ணும் கொன்றுவிட்டன. அந்த ஆய்வு வெளிவந்தபோது பெரும் சர்ச்சை எழுந்தது. வெட்டுவதே காட்டை மீட்கும் வழி என்று நம்பியிருந்தவர்கள் அதை எளிதில் ஏற்கவில்லை.

அவுஸ்திரேலியாவில் இன்னொரு பாடம். விக்டோரியா மாநிலத்தின் மவுண்டன் ஆஷ், உலகில் பூக்கும் மரங்களில் மிக உயரமானவற்றில் ஒன்று. கடுந்தீயில் இது செத்துவிடும், ஆனால் உச்சியிலுள்ள காய்களிலிருந்து விதை கொட்டி மறுபடி எழும். 173 பேரைப் பலிகொண்ட 2009 பெப்ரவரி 7 தீக்குப் பிறகு அந்தக் காடுகளில் எரிந்து மட்டும் விட்ட இடங்களையும், எரிந்த பின் வெட்டிய இடங்களையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். தீயைத் தாங்கித் துளிர்க்கும் இனங்கள், குறிப்பாக மரப்பன்னங்கள், வெட்டிய இடத்தில் வெகுவாகக் குறைந்துபோயிருந்தன. மரப்பன்னம் தீயைப் பொறுக்கும், உச்சியிலிருந்து மறுபடி விரியும். இயந்திரம் அடியோடு புரட்டினால் அதற்கு வழியில்லை. அது போனால் அதன் ஈரத் தண்டில் ஒட்டி முளைக்கும் சிறு செடிகளும் போய்விடும்.

செத்த மரம் என்ன செய்கிறது என்பதையும் பாருங்கள். இலை இல்லாவிட்டாலும் நிழல் கொடுக்கும், கருகிய மண்ணில் அந்தக் கொஞ்ச நிழலே கன்றைக் காப்பாற்றும். பறவை வந்து உட்காரும், உட்கார்ந்த இடத்தில் எச்சத்தோடு விதை விழும். பழம் தின்னும் பறவைகளால் பரவும் மரங்கள் நிறைந்த நம் காடுகளுக்கு இது மிகப் பெரிய உதவி. சரிவில் குறுக்கே விழுந்த கட்டை மண்ணைப் பிடித்து நிறுத்தும். இத்தனைக்கும் மேலாக, செத்ததென்று குறிபோட்ட மரம் பல நேரம் செத்திருப்பதே இல்லை. துளிர்க்கச் சில மாதம் எடுக்கும். தீக்குப் பிந்திய முதல் மாதத்தில் எது செத்தது, எது பிழைக்கும் என்று யாராலும் உறுதியாகச் சொல்ல முடியாது.

நமக்கு மிக நெருக்கமான உதாரணம் போர்னியோ. அங்கும் ஹோர, தூண் குடும்பத்து மரங்கள்தான். அத்தீவின் இந்தோனேசியப் பகுதியான கிழக்குக் கலிமந்தானில் 1982-83 இல் 30 இலட்சம் ஹெக்டேயருக்கு மேல் தீயில் அகப்பட்டது, 1997-98 இல் மறுபடியும் பெருந்தீ. எரிந்த காட்டில் கனரக இயந்திரங்களோடு மரம் எடுத்தபோது, துளிர்க்கத் தொடங்கியிருந்தவையும் உயிரோடு எஞ்சிய சில விதை மரங்களும் சேர்ந்தே அழிந்தன, புல்லும் பன்னமும் நுழைந்தன.

எரிந்த மரத்தை அகற்றினால் அடுத்த தீயைத் தடுக்கலாமே?

உடனடியாக நடப்பது எதிர்மாறு. தண்டைக் கொண்டுபோகிறார்கள், கிளையும் சிராயும் தரையில் கிடக்கின்றன. நின்றிருந்த விறகு படுத்த விறகாகிறது. பிஸ்கட் தீயிலும் இதையே அளந்தார்கள். ஏழெட்டு ஆண்டுகளுக்குப் பிறகு நிலைமை மாறுவதுண்டு. வெட்டாத இடத்தில் பெரிய மரங்கள் விழுந்து தரையில் கட்டை கூடும், வெட்டிய இடத்தில் குறையும். இதை மறைக்கக் கூடாது. ஆனால் நம் மலைகளில் அடுத்த தீயைப் பரப்புவது பெருங்கட்டை அல்ல, காய்ந்த புல். மரத்தை அகற்றித் திறந்துவிட்டால் வளர்வதும் புல்தான்.

அப்படியானால் எங்குமே வெட்டக் கூடாதா?

அப்படிச் சொல்லமாட்டேன். வீதி, ரயில்பாதை, லயன் வீடுகள், பாடசாலை இவற்றின் மேல் விழக்கூடிய மரத்தை வெட்டத்தான் வேண்டும், அதில் தயங்கக் கூடாது. எல்லாக் காட்டிலும் பாதிப்பு ஒரே அளவாகவும் இல்லை. வடகிழக்கு ஒரிகனின் உலர்ந்த ஊசியிலைக் காடொன்று 1996 இல் எரிந்தது. வெட்டியதற்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கீழ்மட்டச் செடிகளில் வெட்டிய இடத்துக்கும் வெட்டாத இடத்துக்கும் பெரிய வித்தியாசம் இருக்கவில்லை. நிலம் எவ்வளவு சரிவு, மண் ஈரமா உலர்ந்ததா, எந்த மாதத்தில், எந்த இயந்திரத்தோடு வெட்டினார்கள், எத்தனை மரத்தை விட்டுவைத்தார்கள் என்பவைதான் தீர்மானிக்கின்றன.

நம் சூழலை அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள். செங்குத்தான மலை, ஓகஸ்டில் தீ, ஒக்டோபரில் இடியோடு கொட்டும் பருவ இடைமழை. நடுவில் இரண்டு மாதம்தான். அந்த இரண்டு மாதத்தில் மண்ணைப் புரட்டினால் மழை அதை ஆற்றுக்குக் கொண்டுபோகும். வெட்டிய மரத்தின் வேர் உடனே உக்காது, சில ஆண்டுகளில் உக்கி மண்ணைப் பிடிக்கும் பலத்தை இழக்கும். 2014 ஒக்டோபர் 29 அன்று கொஸ்லந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயன்கள் புதைந்ததை நம்மில் யாரும் மறக்கவில்லை. அது தீயால் வந்த சரிவு அல்ல. ஆனால் அதே ஹல்துமுல்லப் பிரதேசத்தின் மலைச்சரிவுகள்தான் கோடையில் எரிகின்றன, அவற்றுக்குக் கீழே மக்கள் வாழ்கிறார்கள். வெட்டுவதா என்ற முடிவில் அவர்களுடைய பாதுகாப்பு முதலில் வர வேண்டும், பலகை விலை அதற்குப் பிறகு.

இலங்கைச் சட்டம் என்ன சொல்கிறது?

காட்டுக்குத் தீ வைப்பது 1907 ஆம் ஆண்டு வனக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குற்றம். இயற்கைக் காடுகளில் வர்த்தக நோக்கில் மரம் வெட்டுவது 1990 இலிருந்து நிறுத்தப்பட்டிருக்கிறது. ஆகவே எரிந்த மரம் வெட்டுவது பற்றிய கேள்வி நமக்குப் பெரும்பாலும் பைனஸ், யூக்கலிப்டஸ், தேக்குத் தோட்டங்களில்தான் வரும். அவற்றில் அரச மரக் கூட்டுத்தாபனம் அறுவடை செய்கிறது. ‘எரிந்துபோச்சு, இனி வெட்டலாம்’ என்ற பேச்சுக்கு இயற்கைக் காட்டில் இடம் கொடுக்கவே கூடாது. கொடுத்தால் மரம் வேண்டியவன் தீ வைப்பான்.

சிங்கராஜாவிலும் 1972 முதல் 1977 வரை இயந்திரங்களோடு மரம் வெட்டினார்கள், ஒட்டுப்பலகைக்காக. மக்கள் எதிர்ப்பால் அது நின்றது. 1988 இல் உலக மரபுரிமையானது. தீ படாத காடாக இருந்தும், கட்டை இழுத்துச் சென்ற பாதைகள் இறுகிப்போய் மீளத் தாமதித்தன. தீயும் பட்டிருந்தால் என்னவாகியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

பைனஸ் தோட்டம் எரிந்தால் பரவாயில்லையா?

பலர் அப்படி நினைக்கிறார்கள், வெளிநாட்டு மரம்தானே என்று. இங்கே நட்டிருப்பது பெரும்பாலும் கரீபியன் பைன். வளர்ந்த மரத்துக்குத் தடித்த பட்டை, தரைத்தீயில் சாகாது. சாவது அதன் அடியில் வந்திருக்கும் உள்நாட்டுக் கன்றுகள். பக்கத்தில் காடு இருந்தால் பைனஸ் நிழலில் பறவையும் வௌவாலும் கொண்டுவந்த விதைகள் மெல்ல முளைக்கும். தீ ஒவ்வொரு தடவையும் அவற்றை அழித்து, பைனசை மட்டும் விட்டுவைக்கிறது.

பேராதனைப் பல்கலைக்கழகத்தின் நிமல், சாவித்திரி குணதிலக்க தம்பதியும் யேல் பல்கலைக்கழகத்தின் மார்க் அஷ்டனும் சிங்கராஜா ஓரத்துப் பைனஸ் தோட்டத்தில் 1990களில் தொடங்கிய சோதனை எனக்கு மிகப் பிடித்தது. பைனஸ் வரிசைகள் சிலவற்றை மட்டும் எடுத்து ஒளி விட்டு, அங்கே உள்நாட்டு மரக்கன்றுகளை நட்டார்கள். முழு நிழலில் நட்டதைவிட அவை நன்றாக வளர்ந்தன. மரம் எடுப்பது காட்டுக்கு உதவ முடியும் என்பதற்கு இது சான்று. அளவோடு, திட்டத்தோடு எடுக்க வேண்டும்.

சாம்பல் உரம்தானே?

ஓரளவுக்கு. பொட்டாசியம், கல்சியம், பொசுபரசு சாம்பலில் கிடைக்கும், நைதரசனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். சரிவில் முதல் பெருமழையே சாம்பலை அடித்துச் செல்லும். சில இடங்களில் எரிந்த மண் மேல் மெழுகுபோல ஒரு படை உண்டாகித் தண்ணீரை உள்ளே விடாது.

கொழும்பிலிருந்து பஸ் பிடித்து வந்து கன்று நடட்டுமா? விதைப்பந்து எறியலாமா?

மனம் நல்லது, கொஞ்சம் பொறுங்கள். தீ அணைந்த மறு வாரம் நூறு பேர் சாம்பல் சரிவில் ஏறி மிதித்தால், முளைக்க இருப்பவை நசுங்கும். முதலில் ஒரு மழைக்காலம் முழுவதும் விட்டுவிட்டு, எது தானாக வருகிறது என்று பார்க்க வேண்டும். தானாக வரும் இடத்தில் நம் வேலை களையை எடுப்பதும் மாட்டையும் தீயையும் தடுப்பதும் மட்டுமே.

தானாக வராத இடம் உண்டு: கெகில்ல மூடியது, அடிக்கடி எரிந்து இலுக் பிடித்தது. அங்கே நட வேண்டும். அப்போதும் அந்தந்த உயரத்துக்கும் மழைக்கும் உரிய உள்நாட்டு மரத்தை, வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியோடு, மழை தொடங்கும்போது நட வேண்டும். பிறகு மூன்று நான்கு ஆண்டுகள் திரும்பத் திரும்ப வந்து புல் வெட்டவும் தீத்தடுப்புப் பட்டி போடவும் யாராவது இருக்க வேண்டும். கன்று வாங்கப் பணம் சேர்ப்பது சுலபம். இந்தப் பராமரிப்புக்கு, பக்கத்துத் தோட்டத்தில் வாழும் ஒருவருக்கு ஆண்டு முழுக்கக் கூலி கொடுக்கப் பணம் சேருங்கள்.

பத்தனைப் புல்வெளியில் மரமே நட வேண்டாம். அதற்கென்று செடிகள், பூச்சிகள், பறவைகள் உண்டு. மரம் இல்லாத இடமெல்லாம் வெற்றிடம் என்று நினைத்துத்தான் பைனசையே அங்கே நட்டார்கள்.

விதைப்பந்தில் எனக்கு நம்பிக்கை குறைவு. உறங்காத விதை களிமண்ணுக்குள் செத்துப்போகும், உறங்கும் விதை பல நேரம் அந்நிய இனமாக இருக்கும்.

இதில் கொழும்புக்கு என்ன சம்பந்தம்?

அம்பத்தலையில் எடுக்கும் களனி ஆற்றுத் தண்ணீரைத்தான் நம்மில் பலர் குடிக்கிறோம். அந்த ஆறு மேல்மலைக் காடுகளில் பிறக்கிறது. லபுகம, களட்டுவாவ நீர்த்தேக்கங்களைச் சுற்றியிருப்பதும் காடுதான். பேலியகொடை மெனிங் சந்தைக்கு வரும் வெலிமடைக் கிழங்கும் மரக்கறியும் ஊவாவின் ஓடைகளை நம்பியவை. எரிந்து, வெட்டி, புரட்டிய சரிவிலிருந்து வரும் சேறு நீர்த்தேக்கத்தின் அடியில் படிந்தால் திரும்ப எடுப்பது இலேசான காரியம் இல்லை.

மலையேறப் போன இடத்தில் தீயைக் கண்டால்?

மேலே ஓடாதீர்கள். தீ சரிவில் ஏறும்போது வேகம் கூடும். காற்றுக்குப் பக்கவாட்டில் விலகி, ஏற்கெனவே எரிந்து அடங்கிய இடத்துக்கோ வெறும் பாறைக்கோ போங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 இலக்கத்துக்கு அழைத்து, அருகிலுள்ள தோட்டத்தின் அல்லது ரயில் நிலையத்தின் பெயரைச் சொல்லுங்கள். கொழும்பிலிருந்து போகிறவர்கள் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாப் பக்கத்தில் திறந்தவெளியில் அடுப்பு மூட்டவே வேண்டாம். சமைத்ததைக் கட்டிக்கொண்டு போகலாம்.

தீக்குப் பிறகு நாங்கள் ஏதாவது பதிவு செய்து உதவலாமா?

கட்டாயம். நம் நாட்டில் எரிந்த காடு எப்படி மீள்கிறது என்பதற்குப் படச் சான்று மிகக் குறைவு. திணைக்களத்தின் அனுமதி தேவையான இடத்தில் அதைப் பெற்றுக்கொண்டு, பாதையோரம் அசையாத ஒரு பாறையையோ கம்பத்தையோ தெரிவு செய்யுங்கள். அங்கிருந்து ஒரே கோணத்தில் படம் எடுங்கள். முதல் மழைக்குப் பிறகு ஒன்று, அடுத்த கோடைக்கு முன் ஒன்று, பிறகு ஆண்டுக்கு ஒன்று. திகதியும் இடமும் கட்டாயம் எழுதுங்கள். துளிர் அடிக்கட்டையிலிருந்து வருகிறதா, தண்டிலிருந்தா, விதையிலிருந்தா என்று கிட்டப் போய்ப் பார்த்துக் குறியுங்கள், விதையில் வந்ததென்றால் வித்திலை தெரியும். இனம் தெரியாவிட்டால் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் போடுங்கள், தெரிந்தவர்கள் சொல்வார்கள். யாராவது அந்தச் சரிவில் மரம் வெட்ட வந்தால், வெட்டுவதற்கு முன் எடுத்த படமும் கையில் இருக்கும்.